எந்தப் பக்கத்தால் வந்தது?



சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில் என் தமக்கையார் என் வீட்டுக்கு வந்தார். வந்தவர் கொடுத்த தேநீரையும் தொடாது, "தம்பி, நீ நாலெழுத்துப் படித்தவன். இது எந்தப் பக்கத்தால் வந்ததென்று எனக்கு ஒருக்காற் சொல்லு" என்று கேட்டார்.

இலண்டனில் வாழும் அவருடைய மகனின் குழந்தைக்கு அப்போது நான்கு வயது. இரண்டு ஆண்டுகளாக அக்குழந்தை வளர்ச்சி குன்றி, கைகால்கள் மெலிந்து, வயிறு மாத்திரம் பருத்து, எதை உண்டாலும் உடம்பில் ஒட்டாமல் இருந்தது. பல சோதனைகளின் பின்னர் வைத்தியர்கள் அதற்குச் சீலியாக் நோய் என்று பெயர் சொன்னார்கள். கோதுமை கலந்த எதனையும் ஆயுள் முழுவதும் உண்ணலாகாது என்றார்கள். அத்துடன், இந்நோய்க்கு இடங்கொடுக்கும் தன்மை பரம்பரையாக வருவது என்றும் ஒரு வார்த்தை சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தை கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்கு வந்து இரண்டு வீடுகளிலே தீயை மூட்டிவிட்டது. "எங்கள் சந்ததியில் இப்படி ஒருவரும் இருந்ததில்லை" என்றனர் சம்பந்தி வீட்டார். "எங்கள் பக்கத்தில் மட்டும் இருந்ததோ?" என்றார் என் தமக்கையார். கலியாணம் பேசும்பொழுதே எதையோ மறைத்துவிட்டார்கள் என்று சொல்லவும் ஓர் உறவினர் முன்வந்தார். இவர்கள் எல்லாருக்கும் நடுவே, குழந்தையைப் பெற்றவள் தொலைபேசி மணி அடித்தால் அதனை எடுக்கவும் அஞ்சும் நிலைக்கு வந்துவிட்டாள்.

நான் சரித்திரமும் தமிழும் படித்துப் பட்டம் பெற்றவன். வைத்தியம் என் துறையன்று. எனினும் தமக்கையாருக்கு மறுமொழி சொல்வதற்காகப் படிக்கத் தொடங்கி, எங்கள் பாடசாலையின் உயிரியல் ஆசிரியரையும் பல மாலைகள் வருத்தி அறிந்துகொண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன். சரித்திரம் படித்தவனாதலாற் சரித்திரத்திலிருந்தே தொடங்குகின்றேன்.

இந்நோய் புதியதன்று. இலண்டன் மாநகரிலே குழந்தை வைத்தியத்திற் பெயர்பெற்ற சாமுவேல் கீ என்பவர் 1888ஆம் ஆண்டில் இதன் குணங்குறிகளைத் தெளிவாக எழுதி வைத்தார். இந்நோயாளர் பிழைப்பதாயின் உணவினாலேயே பிழைக்க வேண்டும் என்பதும் அவருடைய துணிபு. ஆனால் எந்த உணவினால் என்பது அவருக்குப் புலப்படவில்லை. ஒல்லாந்திலிருந்து வரும் மட்டியை நாள்தோறும் உண்ட ஒரு குழந்தை நன்றாகத் தேறியதையும், மட்டிக் காலம் முடிந்ததும் பழையபடி நோயுற்றதையும் அவர் குறித்திருக்கின்றார். மட்டி மருந்தாகவில்லை, மட்டி தின்று வயிறு நிறைந்த குழந்தை பாணைத் தின்னவில்லை என்பதே காரணமாயிருக்கலாம் என்று இன்று நாம் ஊகிக்கலாம். 1924இல் நியூயோர்க்கில் ஹாஸ் என்ற வைத்தியர் வாழைப்பழத்தை முதன்மையாக வைத்த ஓர் உணவுமுறையை வகுத்தார். அதனாற் பல குழந்தைகள் உயிர் தப்பின. அங்கும் வாழைப்பழத்துக்கே புகழ் போய்ச் சேர்ந்தது. தட்டில் இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். தட்டில் இல்லாததை ஒருவரும் பார்க்கவில்லை.

அதைப் பார்த்தவர் ஓர் ஒல்லாந்தர். விலெம் டிக்கே என்பது அவர் பெயர். ஹேக் நகரத்து யூலியானா குழந்தைகள் வைத்தியசாலையிலே கடமையாற்றியவர். 1930களிலேயே, தன் பிள்ளை பாணை நிறுத்தினாற் சுகமடைகிறது என்று ஒரு தாய் சொன்ன சொல்லை அவர் தட்டிவிடாமல் மனத்திற் பதித்துக்கொண்டார். தாய்மார் சொல்வதைச் செவிமடுத்துக் கேட்கும் வைத்தியர்கள் எக்காலத்திலும் அருமையாகவே கிடைப்பர். அவர்களுள் ஒருவர் டிக்கே.

அதன் பின்னர் யுத்தம் வந்தது. 1944ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஒல்லாந்தின் இரயில்வேத் தொழிலாளர் நேச நாடுகளுக்குத் துணையாக வேலைநிறுத்தஞ் செய்தனர். அதற்குப் பழிவாங்குவதற்காக யேர்மானியப் படையினர் மேற்கு மாகாணங்களுக்கு உணவு செல்லாமல் வழிமறித்தனர். தொடர்ந்து வந்த மாரியைப் "பசி மாரி" என்றே அந்நாட்டவர் இன்றும் குறிப்பிடுவர். மக்கள் தூலிப் பூவின் கிழங்கையும் சீனிக்கிழங்கையும் அவித்து உண்டனர். ஏறத்தாழ 20,000 பேர் மடிந்தனர். பாண் எங்கும் இல்லை. நாடே பட்டினியால் நலிந்த அந்நாட்களிலே, டிக்கேயின் பராமரிப்பிலிருந்த சீலியாக் குழந்தைகள் மாத்திரம் தேறினர். யுத்தம் முடியுந் தறுவாயில் வெளியிலிருந்து பாண் வந்து சேர்ந்தபோது நாடு மகிழ்ந்தது. அக்குழந்தைகளோ மீண்டும் நோயில் விழுந்தனர். பஞ்சம் என்னும் கொடுமை, வேறெவ்வாறும் செய்திருக்க இயலாத ஒரு பரிசோதனையைச் செய்துகாட்டிவிட்டது.

டிக்கே இதனை ஒரு கதையாகச் சொல்லிவிட்டு அமையவில்லை. குழந்தைகளுக்குக் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும், மலத்தோடு கழியும் கொழுப்பை அளந்தும் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1950இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்துக்கு அவ்வாய்வைச் சமர்ப்பித்தார். கோதுமையும் றை என்னும் தானியமும் தீங்கு செய்தன. அரிசியும் சோளமும் செய்யவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் ஒல்லாந்திலும் இங்கிலாந்திலும் கோதுமை மாவைக் கூறுபடுத்திப் பார்த்து, அதிலுள்ள மாப்பொருள் குற்றமற்றது, குளூட்டன் என்னும் பசைப் புரதமே குற்றவாளி என்று கண்டனர். வீச்சுரொட்டி போடுபவர் மாவை வீசி வீசித் துணிபோல விரிக்கிறாரே, அவ்வாறு விரியச் செய்வது குளூட்டனே. அரிசி மாவை அப்படி வீசிப் பார்த்தால் தெரியும் வேறுபாடு.

எனினும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. ஒரே பாணை ஊரெல்லாம் உண்கிறது. ஒரு குழந்தைக்கு மாத்திரம் அது ஏன் நஞ்சாகின்றது? இதற்கு விடை உணவிலே இல்லை; உண்பவரின் உடம்பிலே இருக்கின்றது. இனி அங்கே செல்வோம்.

நம் உடம்பிலே கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலை நிர்ப்பீடனம் என்கிறோம். அதன் சேவகர்கள் குருதியிலுள்ள வெண்குழியங்கள். இவர்கள் சுற்றிவருங் காவலாளரைப் போன்றவர்கள். ஆயின் இவர்களுட் சில வகையினருக்கு ஒரு குறை உண்டு. ஒரு பொருளை அதன் முழு உருவிற் பார்த்து இவர்களால் இனங்காண முடியாது. அதனைத் துண்டு துண்டாக்கி, ஒரு சிறு தட்டில் வைத்து யாராவது நீட்ட வேண்டும். அப்பொழுது காவலாளி தன் மேற்பரப்பிலுள்ள வாங்கி என்னும் உறுப்பினால் அத்துண்டைத் தடவிப் பார்ப்பான். நம்முடையதாயின் விட்டுச் செல்வான். அந்நியமாயின் கூக்குரல் எழுப்புவான். துண்டை ஏந்தி நிற்கும் அத்தட்டும் ஒருவகை வாங்கியே. அதற்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் எச். எல். ஏ. என்பது.

இதனை முதலிற் கண்டவர் பிரான்சு தேசத்து வைத்தியர் ஜான் தோசே. பிறருடைய குருதியைப் பலமுறை ஏற்றிக்கொண்ட நோயாளரின் குருதிநீர், வேறு சிலருடைய வெண்குழியங்களைத் திரளச் செய்வதையும் வேறு சிலருடையவற்றைச் செய்யாமல் விடுவதையும் அவர் கவனித்தார். ஆகவே வெண்குழியங்களின் மேல் ஆளுக்காள் வேறுபடும் ஏதோ ஓர் அடையாளம் உண்டு என்று 1958இல் வெளியிட்டார். 1980ஆம் ஆண்டின் நொபெல் பரிசு அவருக்கும் அதே துறையில் உழைத்த வேறிருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஆளுக்காள் வேறுபடும் என்றேனே, அந்த வேறுபாட்டின் பரப்பைக் கேட்டால் வியப்படைவீர்கள். குருதியினம் என்றால் ஏ, பி, ஓ என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். எச். எல். ஏ. பரம்பரையலகுகளிலோ இன்றுவரை பெயரிடப்பட்ட வகைகள் 30,000க்கும் மேற்பட்டவை. தட்டு என்று சொன்னாலும் அது சமதளமன்று; நடுவே ஒரு பள்ளம் உண்டு. அப்பள்ளத்தின் வடிவமும் மேடுபள்ளமும் வகைக்கு வகை மாறும். ஒருவருடைய தட்டிற் பொருந்தும் துண்டு இன்னொருவருடைய தட்டில் நில்லாமல் வழுக்கி விழும். ஆகவே உங்கள் காவலாளரின் கண்ணிற் படுவன வேறு. என் காவலாளரின் கண்ணிற் படுவன வேறு.

சீலியாக் நோயாளருள் 100க்கு ஏறத்தாழ 90 பேரிடத்தில் டி. கியூ. 2 என்னும் வகைத் தட்டு காணப்படுகின்றது. நோர்வே நாட்டில் லுட்விக் சொல்லித் என்பவரும் அவரைச் சார்ந்தோரும் 1989இல் இதனைத் திட்டமாகக் காட்டினர். எஞ்சியோரிற் பெரும்பாலார் டி. கியூ. 8 என்னும் வகையை உடையவர்கள். இரண்டும் இல்லாதவருக்கு இந்நோய் வருவது மிக அரிது.

நடப்பது இதுதான். குளூட்டன் எளிதிற் சீரணமாகாத புரதம். அதன் நீண்ட துண்டுகள் சில, நொதியங்களுக்குத் தப்பிக் குடலிலே தங்குகின்றன. நம் குடலில் புண்ணையும் சிதைவையும் செப்பனிடுவதற்கென்று ஒரு நொதியம் இருக்கின்றது. அது இத்துண்டுகளைத் தொட்டு அவற்றின் மின்னேற்றத்தை மாற்றிவிடுகின்றது. அவ்வாறு மாற்றப்பட்ட துண்டு, டி. கியூ. 2 தட்டின் பள்ளத்திலே உறைக்குள் வாள் நுழைந்தாற்போல இறுகப் பொருந்துகின்றது. காவலாளி தடவிப் பார்க்கின்றான். அந்நியன் என்று கூவுகின்றான். படை திரள்கின்றது. ஆனால் அடி விழுவது குளூட்டன் மேலன்று, குடலின் மேலே. சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலின் உட்புறத்தே பட்டுத்துணியின் மயிர்போல நிமிர்ந்து நிற்கும் சடைமுளைகள் தேய்ந்து மட்டமாகின்றன. அதன் பின்னர் எதை ஊட்டினாலும் உடம்பில் எவ்வாறு ஒட்டும்? செப்பனிடும் அந்த நொதியத்தின் மீதே உடம்பு பிறபொருளெதிரிகளை ஏவுகின்றது என்பது 1997இல் வெளியாயிற்று. தன் வீட்டு மேசனையே கள்ளன் என்று கட்டிவைத்து அடிப்பது போன்றது இது. இவ்வகை நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்பர். தூண்டுவது இன்னதென்று திட்டமாகத் தெரிந்து, அதனை விலக்கினால் அடங்கிவிடும் தன்னெதிர்ப்பு நோய் இதைப்போல் இன்னொன்றைக் காண்பது அரிது.

இதனைக் கோதுமை ஒவ்வாமை என்று மயங்குவோரும் உளர். ஒவ்வாமை வேறு. அது வேறொரு வகைப் பிறபொருளெதிரியினாலே, உண்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்துள்ளோ தடிப்பாகவும் மூச்சிரைப்பாகவும் வெளிப்படுவது. சீலியாக்கோ சத்தமின்றி மாதக்கணக்கில் அரிப்பது.

இனித் தமக்கையாரின் கேள்விக்கு வருகிறேன். தட்டு பரம்பரைச் சொத்து, அதில் ஐயமில்லை. அப்படியானால் தட்டைக் கொடுத்தவரே நோயையும் கொடுத்தவர் என்று சொல்லலாமா?

இந்த இடத்தில், இந்தியாவில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வு என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. வடக்கிலும் வடகிழக்கிலும் தெற்கிலுமாக 23,331 வளர்ந்தோரை அதிற் பரிசோதித்தார்கள். சீலியாக் நோயைக் காட்டும் பிறபொருளெதிரி வடக்கிலே 100க்கு 1.23 பேரிடத்திலும் தெற்கிலே 100க்கு 0.10 பேரிடத்திலும் இருந்தது. வடக்கில் இருப்பதிற் பன்னிரண்டில் ஒரு பங்குதான் தெற்கில். ஆகவே தென்னாட்டவரிடம் அந்தத் தட்டு இல்லைப்போலும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். பார்த்தாலோ, டி. கியூ. 2 அல்லது டி. கியூ. 8 உடையவர்கள் வடக்கில் 100க்கு 38 பேர், தெற்கில் 100க்கு 36 பேர். ஏறக்குறைய ஒன்றே. வேறுபட்டது தட்டன்று, சோறு. வடநாட்டவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை உண்டனர். தென்னாட்டவர் 25 கிராம்.

வடகிழக்குப் பகுதி இக்கணக்கைச் சற்றுக் குழப்புகின்றது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அங்கே உண்ணும் கோதுமை 37 கிராம்தான். ஆயினும் 100க்கு 0.87 பேரிடத்தில் அப்பிறபொருளெதிரி இருந்தது. ஆகவே தட்டும் கோதுமையும் மாத்திரம் முழுக் கதையல்ல. வேறுஞ் சில காரணங்கள் இடையே நிற்கின்றன. எனினும் மூன்றிலொருவர் இந்தத் தட்டோடு பிறந்து, நோயின் பெயரையும் அறியாமல் சோறுண்டு வாழ்ந்து மடிந்தார்கள் என்பது எத்தகைய செய்தி! கோதுமையை நாள்தோறும் உண்ணும் ஐரோப்பாவிலும் இத்தட்டை உடையவர் 100க்கு 30 முதல் 40 பேர். நோயுறுவோர் ஏறத்தாழ ஒருவரே. ஒரே கருவிற் பிரிந்து பிறந்த இரட்டையருள்ளே கூட, ஒருவருக்கு நோயிருக்க மற்றவர் சுகமாக இருப்பதும் உண்டு. வீட்டில் விறகு அடுக்கியிருப்பதும் வீடு தீப்பற்றுவதும் ஒன்றல்லவே.

"எந்தப் பக்கம்" என்ற வினாவை வேறொரு வகையாலும் உடைக்கலாம். தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்திற் பதித்தபோது, தந்தைவழிச் சொத்து முதுசம், தாய்வழிப் பெண்ணுக்கு வருவது சீதனம் என்று வேறுவேறாக எழுதி வைத்தார்கள். நம்மவர் மனம் இன்றும் அக்கணக்கிலேயே ஓடுகின்றது. ஆனால் டி. கியூ. 2 என்பது ஒரு துண்டால் ஆனதன்று. இரண்டு புரத இழைகள் சேர்ந்து ஆனது. சிலருக்கு இரண்டு இழைகளும் பெற்றோருள் ஒருவரிடமிருந்தே வரும். வேறு சிலருக்கோ ஓரிழை தந்தையிடமிருந்தும் மற்றையது தாயிடமிருந்தும் வரும். அவ்வாறாயின் தந்தையிடத்திலும் அந்தத் தட்டு முழுமையாக இல்லை, தாயிடத்திலும் இல்லை. பிள்ளையிடத்திலேதான் இரண்டும் கூடி அது முதன்முதலாக உருவாகின்றது. முதுசமா சீதனமா என்று எந்த நொத்தாரிசு எழுதுவார்?

இத்தகைய தீங்கு செய்யும் தட்டை இயற்கை ஏன் களையாமல் வைத்திருக்கின்றது என்று எங்கள் உயிரியல் ஆசிரியரைக் கேட்டேன். அவர் வேறோர் உதாரணத்தைக் காட்டினார். பி. 57 என்னும் எச். எல். ஏ. வகையை உடையவர்கள் எயிட்ஸ் நோய்க் கிருமியை மற்றவர்களிலும் நெடுங்காலம் அடக்கி வைக்கக் கூடியவர்கள். அவர்களது தட்டு அக்கிருமியின் முக்கியமான துண்டுகளை நன்றாக ஏந்திக் காட்டுகிறது. அதே எயிட்ஸ் நோய்க்கு அபகவிர் என்றொரு மருந்து உண்டு. பி. 57இன் ஒரு பிரிவினருக்கு அம்மருந்தைக் கொடுத்தால், காய்ச்சலும் தடிப்புமாக உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை தோன்றக்கூடும். இத்தொடர்பை அவுஸ்திரேலியாவில் 2002இற் கண்டனர். 2008இல் வெளியான பெரும் பரிசோதனையொன்று, முன்கூட்டியே குருதியைச் சோதித்து அவர்களுக்கு அம்மருந்தை விலக்கினால் இவ்வாபத்தைத் தவிர்க்கலாம் என்று நிலைநாட்டியது. கிருமியைக் காட்டிக்கொடுத்துக் காப்பதும் அதே தட்டு. மருந்தையே பகையென்று காட்டிக் கெடுப்பதும் அதே தட்டு. எல்லாருக்கும் ஒரே வகைத் தட்டு இருந்திருக்குமாயின், அதிற் பொருந்தாத ஒரு கிருமி வந்த நாளிலே ஊர் முழுவதும் மடிந்திருக்கும். ஆளுக்கொரு வகையாக இருப்பதனாலேதான் யாராவது சிலர் ஒவ்வொரு கொள்ளைநோய்க்கும் தப்பி நின்றார்கள். நம்முடைய முன்னோர் அவ்வாறு தப்பியவர்களே. அதற்கான விலையை நம்முள் ஒரு சிலர் செலுத்துகின்றனர்.

இனிச் சில நடைமுறை விஷயங்கள். நம் நாட்டிலே கோதுமை விளைவதில்லை. பாண் என்ற பெயரே போர்த்துக்கேயர் தந்தது. ஆயினும் இன்று காலையில் பாண், பாடசாலை இடைவேளையில் பணிஸ், இரவில் ரொட்டி என்று ஆகிவிட்டது. அரிசி மா இடியப்பம் என்று நாம் நம்பி வாங்குவதிலும், பிட்டிலும் அவித்த கோதுமை மா கலந்திருப்பது வழக்கம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா சேர்ப்பதுண்டு. சோயாச் சாற்றிலும் உண்டு. பார்லியும் இந்நோயாளருக்கு ஆகாது. அரிசியும் குரக்கனும் சோளமும் உழுந்தும் ஒடியலும் ஆகும். நெடுநாள் வயிற்றோட்டம், காரணந் தெரியாத மெலிவு, மாத்திரைக்கு அடங்காத குருதிச்சோகை, பிள்ளை வளராமை ஆகியவை இருந்தால் வைத்தியரிடம் கேட்டுக் குருதிச் சோதனை செய்வித்தல் நன்று. ஒன்றை மறவாதீர்கள்: சோதனைக்கு முன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினாற் பிறபொருளெதிரி குறைந்து, நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும். நாகரிகத்துக்காகக் கோதுமையை விலக்கும் ஒரு வழக்கமும் இப்போது பரவி வருகின்றது. அது அவரவர் விருப்பம். ஆனால் அதனால் உண்மையான நோயாளரையும் கடைக்காரர் அலட்சியமாகப் பார்க்கின்றனர் என்று என் மருமகன் எழுதியிருந்தான்.

அந்த மருமகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோயாளரின் பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் ஆகியோருள் 100க்கு ஏழெட்டுப் பேருக்கு இதே நோய் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். ஆதலால் இலண்டன் வைத்தியர்கள் குழந்தையின் தாய் தந்தையரையும் சோதித்தார்கள். தாய்க்கு ஒன்றும் இல்லை. தந்தைக்கு, அதாவது என் தமக்கையாரின் மகனுக்கு, நோய் இருந்தது. பல ஆண்டுகளாக இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் தீராத அவனுடைய குருதிச்சோகைக்குக் காரணம் அப்பொழுதே தெரியவந்தது.

செய்தி வந்த அன்று தமக்கையார் என்னிடம் வந்து, "அப்ப எங்கட பக்கந்தான்" என்று மாத்திரம் சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். தென்னாட்டில் மூன்றிலொருவருக்கு உள்ள தட்டு இது, சம்பந்தி வீட்டிலும் யாரிடமாவது இருக்கும், இழை இரண்டு பக்கத்தாலும் வரக்கூடும் என்று இப்போது உங்களுக்குச் சொன்னவற்றையெல்லாம் அவருக்கும் சொன்னேன். கேட்டாரோ இல்லையோ அறியேன். மறுநாட் காலையில் மருமகளுக்குத் தாமே தொலைபேசி எடுத்து ஒரு மணி நேரம் பேசினார் என்று அறிந்தேன். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

பின்னொரு ஆவணி விடுமுறைக்கு அவர்கள் ஊருக்கு வந்தார்கள். தமக்கையார் ஒரு மாதத்துக்கு முன்பே பச்சையரிசி வாங்கி ஊறவைத்து இடித்து வறுத்து வைத்தார். பழைய இடியப்ப உரலின் துளைகளிலே கோதுமை மா ஒட்டியிருக்கும் என்று புதியதொன்று வாங்கினார்; அரிதட்டும் புதிது. பெருங்காயப் பேணி அடுத்த வீட்டுக்குப் போயிற்று. வந்த அன்று இரவு ஒடியற் கூழ் காய்ச்சினார்கள். சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தனர். குழந்தை, உறைக்குது உறைக்குது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே, பிலாவிலையை நீட்டி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.